பஞ்சப்பாட்டு பாடிய முள்

தெருவில் எல்லோரும் அவரைத் தராசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடைத்தெரு முனையில் அவருக்கு ஒரு சின்னக் கடை. மளிகைக்கடைத் தராசு, மீன்கடைத் தராசு, ஆஸ்பத்திரியில் ஆளை ஏற்றி நிறுக்கும் எடை மெஷின், எதன் முள் கோணினாலும் அவரிடம்தான் வரும். ஒரு முள் நூலிழை தப்பி நின்றால்கூட அவருக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. அப்பேர்ப்பட்டவரின் சொந்த மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள் வருஷக்கணக்காகப் பச்சைப்பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அது ஒரு தினுசான பொய். டேங்கில் பாதி இருக்கும்போதே முள் சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாய்வரை நிரப்பினாலும் நடுக்கோட்டைத் தாண்டாது. இருக்கும்போதே இல்லை இல்லை என்று அழுகிற அந்த முள்ளுக்குப் ‘பஞ்சப்பாட்டு’ என்று பெயர் வைத்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. “இது மாமாவோட வண்டிதான், சந்தேகமே இல்லை. கையில இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும்” என்பான். தராசுக்காரர் கையை இறுக்கிப் பிடிக்கிறவர் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மூன்று பேரும் சிரிப்பார்கள். அவரும் வேண்டாவெறுப்பாகச் சிரித்து வைப்பார்.

மச்சினன் சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன். அக்காதான் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் ஆகி வந்தபோது பெட்டியோடு தம்பியையும் சேர்த்தே கூட்டி வந்தாள். அந்த வண்டியில்தான் அவன் ஓட்டக் கற்றுக்கொண்டான். தான் கற்ற கையோடு அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தான். கிளட்ச், கியர் எல்லாம் ஆன பிறகு கடைசிப் பாடம் பஞ்சப்பாட்டைப் பற்றியது. “முள்ளு சிவப்புல நிக்குதேன்னு பயப்படாதே அக்கா. அப்பவும் துறைமுகம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். சந்தேகமா இருந்தா வண்டியைக் குலுக்கி, டேங்க்ல காதை வச்சுக் கேளு. தளும்புற சத்தம் கேட்டா கிளம்பிடு.” அவள் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். தம்பி கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போன பிறகும் அந்தக் கணக்கில்தான் வண்டி ஓட்டினாள். தையல் வேலை செய்கிறவள் அவள். துணி வாங்க, தைத்ததைக் கொடுக்க என்று அவரைவிட அவள்தான் அந்த வண்டியில் அதிகம் போவாள். ஒரு நாளும் அது அவளை வழியில் விட்டதில்லை.

வண்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. ரிசர்வ் திருகு துருப்பிடித்து, ரிசர்விலேயே இறுகி நின்றுவிட்டது. அதாவது டேங்கில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான், பின்னால் எடுத்துக்கொள்ளச் சேமிப்பு எதுவும் கிடையாது. இதையும் பார்க்கவேண்டும், முள்ளையும் பார்க்கவேண்டும் என்று தராசுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாள் முழுக்க ஊரார் முள்ளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வீட்டு முள்ளைத் தொட அலுப்பு.

இப்படி இருக்கும்போதுதான் தம்பியிடமிருந்து தகவல் வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனுடைய கப்பல் இந்தத் துறைமுகத்தைத் தொடப்போகிறது. புதன்கிழமை காலை வந்து மதியம் கிளம்பிவிடும். அவனால் வீட்டுக்கு வர முடியாது. துறைமுகத்தின் வெளிவாசல் வரைக்கும் வந்து கொஞ்ச நேரம் நிற்கலாம், அவ்வளவுதான். அடுத்து எந்தக் கடல், எத்தனை மாதம் என்று அவனுக்கே தெரியாது. அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஞ்சு வைத்த மேல்கோட்டு ஒன்றைத் தைக்க ஆரம்பித்தாள். தம்பியின் தோள் இப்போது எவ்வளவு அகலமாகியிருக்கும் என்று தெரியாமல், புருஷனின் பழைய சட்டையை வைத்து உத்தேசமாக அளவெடுத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவரிடம் கேட்டாள். அரைநாள் கடையைச் சாத்திவிட்டுக் கூட வரமுடியுமா என்று. ஆஸ்பத்திரி எடை மெஷினைப் புதன்கிழமை கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். வெறும் ‘முடியாது’ என்று சொல்ல மனசு வராததால், அதற்கு நியாயம் தேடப்போய் வேறு ஒன்றைச் சொன்னார்.

“ஒழுங்கா ஒரு போன் பண்ணத் தெரியாதவன் அவன். நீதான் தம்பி தம்பின்னு உருகுறே. அவன் உன்னை ஒரு துறைமுகமாத்தான் வச்சிருக்கான். வருவான், நிப்பான், தேவையானதை ஏத்திக்குவான், போயிடுவான்.”

சொன்ன மாத்திரத்தில் அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. அதுதான் கொடுமை. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் நிமிர்ந்து பார்த்தபோது, அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. காபி டம்ளர் மேஜையில் ணங்கென்று வந்து உட்காரும். “சாப்பாடு எடுத்து வச்சிருக்கு” என்று சுவரிடம் சொல்லப்படும். அவரும் சளைக்காமல் “எண்ணெய் தீர்ந்துபோச்சு போல” என்று ஜன்னலுக்குத் தெரிவிப்பார். இருவரும் ஒரே போர்வையின் இரண்டு ஓரங்களை இழுத்துக்கொண்டு படுத்தார்கள்.

சொன்னது தப்பு என்று அவருக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. ஆனால் ‘தப்பாச் சொல்லிட்டேன்’ என்ற இரண்டு சொற்கள் அந்த மனிதரின் வாயில் வராது. கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. வாய்க்குப் பதில் அவருக்குக் கைதான் பேசும். முன்பு ஒரு சண்டைக்குப் பிறகு அவளுடைய தையல் மெஷினுக்கு ஊரெல்லாம் அலைந்து புது வார் வாங்கி வந்து மாட்டினார். இன்னொரு சண்டைக்கு அடுக்களைக் கதவின் கீச்சொலி நின்றது. அவளும் அதையெல்லாம் கண்டுபிடித்து, சிரித்து, சமாதானமாகிவிடுவாள். கண்டுபிடிப்பது அவள் வேலை, சொல்லாமல் இருப்பது அவர் வேலை. அப்படித்தான் அந்தக் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, பின்கட்டில் வண்டியை நிறுத்திப் பஞ்சப்பாட்டைப் பிரித்தார்.

சீட்டைக் கழற்றினார். பெட்ரோலை ரப்பர் குழாய் வழியாக ஒரு கேனில் இறக்கி, கேனைத் தூரத்துச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். டேங்கைத் தூக்கிக் கோணியில் கவிழ்த்து, அடியில் இருந்த திருகுகளைக் கழற்றி மிதவையை வெளியே எடுத்தார். ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் பெட்ரோலில் மிதக்கும் சின்னக் கட்டை, அவ்வளவுதான். கட்டை ஏறினால் முள் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பி எப்போதோ வளைந்துபோயிருந்தது. அது தொட்டு நகரும் இடத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. இந்த அற்பக் கோளாறுக்காகவா இத்தனை வருஷம் ஏச்சு வாங்கினோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெல்லிய உப்புத்தாளால் அழுக்கைத் தேய்த்தெடுத்தார். கம்பியை விரலிடுக்கில் பிடித்து, தராசுக் கம்பியை நிமிர்த்துகிற அதே பக்குவத்தில் நிமிர்த்தினார். மிதவையை ஒயரில் மாட்டிக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். கீழே விட்டால் சிவப்பு, நடுவில் பிடித்தால் பாதி, மேலே தூக்கினால் முழுசு. மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்தார். முள் சொன்ன பேச்சைக் கேட்டது. வேலை செய்தபோது ஒரு நிமிஷம்கூட அவர் தம்பியைத் தப்பாக நினைக்கவில்லை. அவன் இருந்தால் இந்நேரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என்னென்ன கிண்டல் அடித்திருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டார்.

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை வீடு முழுக்கப் பரவியிருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்து அவர் இரண்டு தரம் இருமினார். ஸ்பானரை வேண்டுமென்றே கீழே போட்டார். மெஷின் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

கேனில் இருந்த பெட்ரோலின் அடியில் துரு கலங்கியிருந்தது. தெளிந்ததை மட்டும் டேங்கில் திரும்ப ஊற்றினார். கலங்கலைக் கடையில் சாமான் கழுவ உதவும் என்று ஒரு பாட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டார். மீட்டரில் முள் சிவப்பை விட்டு மயிரிழை ஏறி நின்றது. வாஸ்தவமாகவே டேங்கில் அவ்வளவுதான் இருந்தது. வருஷக்கணக்குக்குப் பிறகு அந்த முள் உண்மை பேசியது.

அப்போதே தெருமுனைப் பெட்ரோல் பங்குக்குப் போய் நிரப்பியிருக்கலாம். நிரப்பவேண்டும் என்று நினைக்கத்தான் செய்தார். ஆனால் அதைவிட அழகான யோசனை ஒன்று வந்துவிட்டது. நாளைக் காலையில் அவள் சிவப்பைப் பார்ப்பாள். தூரப் பயணம், எதற்கும் இருக்கட்டும் என்று பங்கில் வண்டியை நிறுத்துவாள். பெட்ரோல் விழ விழ முள் நடுக்கோட்டைத் தாண்டி ஜம்மென்று மேலே ஏறும். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள், மாமா கடைசியில் பஞ்சப்பாட்டை நிறுத்திவிட்டார் என்று. சாயங்காலம் வந்து முகத்தைப் பார்த்துப் பேசுவாள். அவள் கண்டுபிடிப்பதற்காகவே அவர் டேங்கை அப்படியே விட்டுவைத்தார்.

காலையில் அவள் எழுவதற்கு முன்பே கடைக்குப் போய்விட்டார். எதிரே இருந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். அவர் கடை வாசலில் நின்றால் எதிர்ச்சாரியில் பெட்ரோல் பங்கு தெரியும். ஆஸ்பத்திரி எடை மெஷினை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணைப் பங்கின் மேலேயே வைத்திருந்தார்.

அவள் வந்தாள். துணிப்பையை முன்னால் இறுக்கி வைத்திருந்தாள், மேல்கோட்டு அதில் பிதுங்கிக்கொண்டிருந்தது. வெளியே போவதற்கென்று வைத்திருக்கும் உடுப்பை உடுத்தியிருந்தாள். பங்கை நெருங்கினாள். வேகத்தைக் குறைக்கவில்லை. பங்கைத் தாண்டித் துறைமுகச் சாலையில் திரும்பிவிட்டாள்.

சிவப்பைப் பார்த்தும் ஏன் போகிறாள் என்று அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்த கணம் விளங்கிவிட்டது. அவள் கண்ணுக்கு அது பழைய சிவப்பு. தம்பி சொல்லிக்கொடுத்த சிவப்பு. துறைமுகம் வரைக்கும் போய்த் திரும்பி வரக்கூடிய சிவப்பு. போன வாரம்தான் பெட்ரோல் போட்டாள், கலங்கலை இவர் எடுத்துவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?

போனை எடுத்தார். அவள் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டியைத் திருப்பிவிடுவாள். ஆனால் போனில் முதலில் என்ன சொல்வது? நானா முதலில் பேசுவது? அத்தனை நாள் ஜன்னலோடு பேசிய வாய், ஒரு முள்ளுக்காக இறங்கிப் போவதா? போகிற வழியில் வேறு பங்கு இருக்கும், எப்படியும் போட்டுக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போட்டார். துறைமுகச் சாலையில் கிடங்குச் சுவர்களைத் தவிர எதுவும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல் வேலை ஓடவில்லை. எடை மெஷினின் முள்ளைப் பூஜ்யத்துக்கு நேராக நிறுத்தவே கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கேட்டதற்கு, நாளைக்கு என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் எதற்காகத் துறைமுகம் வரமாட்டேன் என்றாரோ அந்த வேலையும் அன்று நடக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது வண்டி வாசலில் நின்றது. முள் பாதிக்கு மேல் காட்டியது. அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. துணிப்பை மேஜையில் இருந்தது, காலையில் பார்த்த அதே பருமனில்.

என்ன ஆயிற்று என்று அவர்தான் கேட்டார். இப்போது முதலில் பேசுவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிடங்குச் சுவர் நீண்டுகொண்டே போகிற இடத்தில் வண்டி இருமி நின்றது. அந்த நேரத்தில்தான் தம்பி வாசலில் வந்து நின்றுகொண்டு, காவலாளியின் போனிலிருந்து கூப்பிட்டான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது போல என்றதும் சிரித்தான். பஞ்சப்பாட்டா, அது சும்மா நடிக்கும் அக்கா, உள்ளே கண்டிப்பாக இருக்கும், வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குலுக்கி நிமிர்த்து என்றான். அவள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சாய்த்தாள், குலுக்கினாள், நிமிர்த்தினாள். வண்டி உயிர் வந்து கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி சாய்த்தாள். அப்புறம் சாய்த்தும் பிரயோஜனம் இல்லை. தள்ளிக்கொண்டே நடந்தாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றும் நிற்கவில்லை. ஒரே ஒரு லாரிக்காரர் நிறுத்தி, வண்டியைப் பின்னால் ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் இறக்கினார். தம்பியைக் கப்பலுக்குத் திரும்ப ஏற்றிப்போன படகு அதற்குள் பாதி வழி போயிருந்தது. உங்கள் தம்பி இவ்வளவு நேரம் நின்றுகொண்டுதான் இருந்தார், படகுக்காரர்கள் இரண்டு தரம் கூப்பிட்டும் போகாமல் நின்றார் என்று காவலாளி சொன்னான்.

“வண்டியை அங்கேயே போட்டுட்டு ஏதாவது பிடிச்சுப் போயிருக்கலாமே” என்றார் அவர்.

“உங்க வண்டி. ரோட்டுல போட்டுட்டு வந்தா, அதுக்கு ஒரு வாரம் பேசமாட்டீங்க.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“எடுத்தேன்” என்றாள். “உங்க பேரு மேல விரலைக்கூட வச்சேன்.”

ஒரே காலையில் ஒரே சாலையின் இரண்டு முனைகளில் இரண்டு பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவராவது நிழலில் நின்றார்.

“காவலாளி கொடுத்த கொஞ்ச பெட்ரோல்ல திரும்பி வந்து பங்குல போட்டேன். முள்ளு சரியா ஏறிச்சு. அப்பதான் தெரிஞ்சுது” என்றாள் அவள். “நேத்து இருமினீங்களே. நானும் எழுந்து வந்து என்னன்னு கேட்டிருக்கலாம்.”

தராசுக்காரர் தப்பு தன்னுடையது என்று ஆரம்பித்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற அந்த இரண்டு சொற்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் வாயில் தடங்கலில்லாமல் வந்தன. துறைமுகம் என்று சொன்னதற்கும் சேர்த்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து மேல்கோட்டை எடுத்து, அதன் கசங்கியிருந்த கையை நீவிவிட்டாள்.

“துறைமுகமா இருந்தாக்கூட பரவாயில்லைங்க” என்றாள். “கப்பல் வர்றப்போ துறைமுகம் அங்கதான் இருக்கும். நான் இல்லையே.”

மேல்கோட்டு மடித்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அன்று முதல் அவர்கள் வீட்டில் பேசாத நாள் கிடையாது. அவர் ஜன்னலிடம் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். ரிசர்வ் திருகையும் மாற்றினார். தினமும் சாயங்காலம் பங்குக்குப் போய், கையை இறுக்கிப் பிடிக்காமல், டேங்கை வாய்வரை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். முள் கடைசிக் கோட்டைத் தொட்டு அப்படியே நிற்கும். ஊரில் அதைவிட நேர்மையான முள் கிடையாது. தம்பி எப்போதாவது எங்கிருந்தோ கூப்பிடுவான். பஞ்சப்பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பான். அக்கா நன்றாக இருக்கிறது என்பாள். அதைச் சரிபண்ணியாயிற்று என்று அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை துணி வாங்கக் கிளம்பியவள் வண்டியருகே நின்றிருந்தாள். அவர் வாசற்படிக்கு வந்தார்.

“நேத்துதான் நிரப்பினேன். முழுசா இருக்கு. முள்ளு சரியாத்தான் காட்டுது.”

“தெரியுங்க” என்றாள்.

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக் குலுக்கினாள். குனிந்து டேங்கில் காதை வைத்தாள். நிரம்பிய டேங்க் தளும்பாது. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் காதை எடுக்காமல் இன்னொரு தரம் குலுக்கினாள்.